பிரவுசரை மாற்றிய விரல்

அத்தியாயம் 4

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற கம்பெனிக்கு 'வைகுண்ட்' என்று பெயர் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். பெங்களூர் தொம்மலூரில் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்திய கிளிஃபர்ட், அதை நிதானமாகப் படித்தான்.

"இதுல படுத்தவன் எங்க போவான்னு முன்னாடியே சொல்லிடறாங்க மேடம். நேர்மையான கம்பெனி."

"அந்த நேர்மை போர்டோட நின்னுடுச்சு போல," என்றாள் சுப்புலக்ஷ்மி.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள் சுப்புலக்ஷ்மி. அங்கே உட்கார்ந்திருந்தவர்களைவிடப் பொய் சொல்லி வந்தவர்கள் புத்திசாலிகளாக இருந்தது பிடிக்காமல் வெளியே வந்து, தனியாகத் துப்பறியும் நிறுவனம் தொடங்கினாள். மர்பி டவுன்காரன் கிளிஃபர்ட் அவளுடைய ஒரே உதவியாளன். அதற்கு முன் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தவன். கேமரா திரும்பியதும் சிரிப்பை மாட்டிக்கொள்ளும் முகங்களை வாழ்நாளுக்கும் போதுமான அளவு பார்த்துவிட்டதாகச் சொல்வான்.

வழக்கு எளிமையானது, அல்லது எளிமையாகத் தோன்ற வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் கட்டில்களுக்கு விலை கேட்டிருந்தது. வைகுண்ட் தயாரித்த விலைப்பட்டியல் போன செவ்வாய்க்கிழமை மதியம் போட்டிக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. போனது கொட்டேஷன் போடுகிற விஜியின் கம்ப்யூட்டரிலிருந்து. நெட்வொர்க் பதிவில் அது தெளிவாக இருந்தது. ஆகவே அனுப்பியவள் விஜி. ஆஸ்பத்திரிக்காரர்கள் வெளியாள் ஒருவரின் விசாரணை அறிக்கை வேண்டும் என்று அடம்பிடித்ததால் மட்டுமே சுப்புலக்ஷ்மியைக் கூப்பிட்டிருந்தார்கள். விசாரிக்க அல்ல, கையெழுத்துப் போட.

முதலாளி சீனிவாசராகவன் அதை மறைக்கவும் இல்லை. ஹெப்பகோடியில் தொழிற்சாலை, தொம்மலூரில் ஆபீஸ், நெற்றியில் மெல்லிய கீற்று, மேஜைமேல் கண்ணாடிக்குள் ஒரு வெள்ளிக் கட்டில். அவருக்கு வலப்புறம் மேனேஜர் சுந்தரராமன். இடப்புறம் ஐ.டி. ஹெட் ஷ்ரேயாஸ். ஐ.டி. துறையில் அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது, இருந்தும் 'ஹெட்'. விஜி கதவோரம் நின்றிருந்தாள். உட்காரச் சொல்ல அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் வேணும் மேடம்," என்றார் சீனிவாசராகவன். "விஜி இந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டா ரிஸைன் பண்ணிண்டு போயிடலாம். இல்லேன்னா போலீஸ் கம்ப்ளெயின்ட்தான்."

"கரெக்ட் சார்," என்றார் சுந்தரராமன், முதலாளி 'போலீஸ்' என்று ஆரம்பித்தபோதே.

"எங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு…"

"ஆமாம் சார்."

"…ஆனா பிசினஸ்னு வந்துட்டா…"

"ஹௌது சார்."

கிளிஃபர்ட் சுப்புலக்ஷ்மியின் காதருகே குனிந்தான். "மூணு பாஷையில ஆமா சொல்றாரு மேடம். இந்த ஊர்ல மேனேஜராவ வேற என்னா வேணும்?"

மேஜைமேல் அந்தக் கடிதம் இருந்தது. விஜியின் சார்பில் அதை எழுதியவர் சுந்தரராமன். 'என்னை வளர்த்த நிறுவனத்துக்கு நான் செய்த துரோகத்தை எண்ணி வெட்கப்படுகிறேன்' என்று தொடங்கி ஒரு பக்கம் நீண்டது. போலீஸ் வேண்டாம், பாவம், கடிதத்தோடு முடித்துக்கொள்வோம் என்று யோசனை சொன்னதும் தான்தான் என்று அவரே அடக்கமாகத் தெரிவித்தார்.

ஷ்ரேயாஸ் சுவரில் திரையை இறக்கித் தன் அறிக்கையைக் காட்டினான். செவ்வாய்க்கிழமை ஹெப்பகோடியில் புது மெஷினுக்குப் பூஜை. ஆபீஸே அங்கே போயிருந்தது. ஆபீஸ் ஆட்களில் இங்கே இருந்தவர்கள் முதலாளி, சுந்தரராமன், அவன், விஜி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் விஜியின் கம்ப்யூட்டரில் குரோம் திறக்கப்பட்டிருக்கிறது, ஃபைல் போயிருக்கிறது, உடனே குரோமில் பார்த்த பக்கங்களின் ஹிஸ்டரி முழுவதும் அழிக்கப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, தன் மகுடத்தை எடுத்து வைப்பவன்போல் கடைசி வரிக்கு வந்தான். அதுவரை எட்ஜாக இருந்த டிஃபால்ட் பிரவுசர் குரோமாக மாற்றப்பட்டிருந்தது.

"டிஃபால்ட்னா?" என்றான் கிளிஃபர்ட், தெரிந்துகொண்டே.

ஷ்ரேயாஸ் பெருமூச்சு விட்டான். மெயிலில் வருகிற லிங்க்கை அழுத்தினால் எது தானாகத் திறக்கிறதோ அதுதான் டிஃபால்ட் என்று, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் விளக்கினான். விஜி எப்போதும் எட்ஜைத்தான் பயன்படுத்துவாள் என்றும், கம்ப்யூட்டரோடு வந்ததை மாற்றக்கூடத் தெரியாதவர்கள் வைத்துக்கொள்வது அது என்றும் சேர்த்துக்கொண்டான். அப்படிப்பட்டவள் திடீரென்று மாற்றியிருக்கிறாள் என்றால் அது திட்டமிட்ட சதி.

"அவங்களுக்கு மாத்தத் தெரியாதுன்னும் சொல்றீங்க. அவங்கதான் மாத்தினாங்கன்னும் சொல்றீங்க," என்றாள் சுப்புலக்ஷ்மி. "ரெண்டுல எதை ரிப்போர்ட்ல எழுதட்டும்?"

"நடிக்கிறாங்க மேடம்."

"கரெக்ட்," என்றார் சுந்தரராமன், பழக்க தோஷத்தில்.

விஜியின் இருக்கை ஹாலின் மூலையில், பிரிண்டருக்கும் குடிதண்ணீர் கேனுக்கும் நடுவில் இருந்தது. சுப்புலக்ஷ்மி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளையும் உட்காரச் சொன்னாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். ஆனால் அழுகை இல்லை.

வீடு பின்னால் இருக்கிற சந்தில்தான் என்றாள் விஜி. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. சாட்சி சொல்லச் சுவர்தான் உண்டு. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது. ஆபீஸ் முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு. கொடுத்தவன் ஷ்ரேயாஸ்.

"கம்பெனி பேரு, அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணா?" என்றான் கிளிஃபர்ட்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஐ.டி. ஹெட்ட பார்த்தேனே, போதாதா?"

விஜி முதல் முறையாகச் சிரிக்கப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். பிறகு, யாரும் கேட்காததால் இதுவரை சொல்லாமல் இருந்த ஒன்றைச் சொன்னாள்.

"புதன்கிழம காலையில வந்து ஒரு மெயில்ல லிங்க்க அழுத்துறேன், வேற என்னமோ தொறக்குது. நான் வெச்சிருந்தது ஒண்ணுமே அதுல இல்ல. ஷ்ரேயாஸ்கிட்ட போயி, என் கம்ப்யூட்டர யாரோ மாத்திட்டாங்கன்னு சொன்னேன். உங்க பழைய டப்பா போயி நல்லது வந்திருக்கு, சந்தோஷப்படுங்கன்னாரு."

"அப்ப விலை போனது வெளியில தெரியுமா?"

"அது புதன்கிழம மத்தியானந்தான் மேடம் தெரிஞ்சிது."

திருடியவள் திருட்டு வெளியே வருவதற்கு முன்பே, தன் கம்ப்யூட்டரை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று ஐ.டி. துறையில் போய்ப் புகார் கொடுத்திருக்கிறாள். அந்தப் புகாரைக் கேட்டுச் சிரித்த அதே ஆள், அதையே சதிக்கு ஆதாரமாக அறிக்கையில் எழுதியிருக்கிறான். சுப்புலக்ஷ்மி ஷ்ரேயாஸின் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டிருந்தான்.

விஜி மேஜையில் இல்லாத நேரம் பார்த்து, கிளிஃபர்ட் பேப்பர் கப்பில் காபி கொண்டுவந்து கொடுத்தான். "ஷ்ரேயாஸ்தான மேடம்? எட்ஜைப் பார்த்தாலே கொமட்டுது அவனுக்கு. உக்காந்த கையோட மாத்திட்டிருப்பான்."

"அவனா இருந்தா நினைவோட மாத்தியிருப்பான். போகும்போது நினைவோட திருப்பியும் வெச்சிருப்பான்," என்றாள் அவள். "யோசிச்சுப் பாரு. வந்தவர் ஹிஸ்டரி மொத்தத்தையும் அழிச்சிருக்கார். அவ்வளவு உஷாரான ஆள் டிஃபால்ட்டை மட்டும் ஏன் அப்படியே விட்டார்?"

"மறந்துட்டாரு."

"தான் மாத்தினதே அவருக்குத் தெரியாது."

கிளிஃபர்ட் கப்பைக் கீழே வைத்தான்.

ரொம்ப நாள் தூங்கிக் கிடந்த குரோமைத் திறந்தால் அது வரிசையாகக் கேள்வி கேட்கும் என்று அவள் விளக்கினாள். உங்கள் அக்கவுன்ட்டில் நுழையலாமா? உங்கள் மற்றக் கம்ப்யூட்டர்களோடும் போனோடும் இதை இணைத்துவிடலாமா? என்னையே டிஃபால்ட்டாக வைத்துக்கொள்ளலாமா? சிலர் படித்துப் பார்த்து வேண்டாம் என்பார்கள். சிலர் படிக்காமலே வேண்டாம் என்பார்கள். கேள்வி முடிவதற்கு முன்பே ஆமாம் போடுகிறவர்களும் உண்டு.

கிளிஃபர்ட் முதலாளியின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அது நம்ம ஊகம்தான். ஊகத்தை எழுதினா அவங்க சிரிப்பாங்க," என்றாள் சுப்புலக்ஷ்மி. "வா. எல்லாரோட பழசையும் பார்க்கலாம்."

விஜியையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் அறைக்குத் திரும்பியபோது கடிதத்தின்மேல் ஒரு பேனா மூடி திறந்து வைக்கப்பட்டிருந்தது. சுப்புலக்ஷ்மி அதை மூடினாள். செவ்வாய்க்கிழமை இங்கே இருந்த எல்லோருடைய பிரவுசர் ஹிஸ்டரியையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அறிக்கையை ஏற்கமாட்டார்கள் என்றாள். சீனிவாசராகவன் தாராளமாகத் தலையசைத்தார். முதலில் அவருடையதிலிருந்து தொடங்கலாம் என்றபோது தாராளம் கொஞ்சம் குறைந்தது.

"கரெக்ட் சார்," என்று சுந்தரராமன் தவறான இடத்தில் சொல்லிவிட்டுப் பின்வாங்கினார்.

முதலாளியின் ஹிஸ்டரி மாதக்கணக்கில் பின்னால் போயிற்று. பங்குச்சந்தை, முழங்கால் வலி, மறுபடி பங்குச்சந்தை. புதன்கிழமை மாலை மட்டும் ஒரு புதுப் பக்கம் இருந்தது. வேலை விளம்பரத் தளம் ஒன்றில் அவர் ஆள் தேடியிருந்தார். 'கொட்டேஷன் எக்ஸிக்யூட்டிவ், பெண்கள் விரும்பத்தக்கது, உடனடித் தேவை.' விஜி அதைப் படித்தாள். முதலாளி வெள்ளிக் கட்டிலின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்து ஷ்ரேயாஸ். அவனுடையது அதைவிட நீளம், அதைவிடப் பரிதாபம். 'தலைவன் போல் நடப்பது எப்படி', 'தாழ்வு மனப்பான்மை பத்து அறிகுறிகள்', 'ஐ.டி. ஹெட் சம்பளம் பெங்களூரு.' கிளிஃபர்ட் ஒவ்வொன்றையும் மரியாதையோடு உரக்கப் படித்தான். படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றான்.

"மேடம். 'விண்டோஸில் டிஃபால்ட் பிரவுசரை மாற்றுவது எப்படி'ன்னு ஒரு வீடியோ."

அறையில் எல்லோரும் ஷ்ரேயாஸைப் பார்த்தார்கள். சீனிவாசராகவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். சுந்தரராமனின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. இவ்வளவு சீக்கிரம் படர்ந்திருக்க வேண்டாம்.

"எந்தக் கிழமை?" என்றாள் சுப்புலக்ஷ்மி.

"புதன். சாயந்திரம்."

"திருட்டு நடந்த மறுநாள். ரிப்போர்ட் எழுத உக்காந்தப்பதான் அவருக்கே அது எப்படி மாத்தறதுன்னு தெரியலை. வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டிருக்கார்." அவள் ஷ்ரேயாஸ் பக்கம் திரும்பினாள். "விஜிக்குத் தெரியாதுன்னு சிரிச்சீங்களே தம்பி, அந்தச் சிரிப்புக்கு அப்புறம்தானே?"

ஷ்ரேயாஸின் காதுகள் சிவந்தன. குற்றவாளியாக இருந்திருந்தால்கூட அவன் இவ்வளவு சிறுத்துப் போயிருக்கமாட்டான். ஆனால் தப்பித்துவிட்டான். அவனைக் காப்பாற்றியது அவனுடைய அறியாமைதான். அதை வாழ்நாள் முழுவதும் அவன் வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

சுந்தரராமனின் அறை கடைசி. அவர் தானாகவே பேச ஆரம்பித்தார். "என் சிஸ்டம் பார்க்கிறதுல பிரயோஜனமே இல்ல மேடம். செவ்வாய்க்கிழமை பூரா என் ரூம்ல யு.பி.எஸ். மாத்திட்டிருந்தாங்க. சாயந்திரம் வரைக்கும் கரென்டே கிடையாது. எலக்ட்ரீஷியனக் கேட்டுப் பாருங்க. சும்மாவேதான் உக்காந்திருந்தேன்."

"மத்த நாள்ல?" என்றான் கிளிஃபர்ட்.

சுப்புலக்ஷ்மி குரோமைத் திறந்து ஹிஸ்டரிக்குப் போனாள். நேற்று சில பக்கங்கள். புதன்கிழமை சில. செவ்வாய் மாலை ஒன்று. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் செவ்வாய்க்கிழமைதான் பிறந்தவர்போல் இருந்தார்.

"டிசிப்ளின் மேடம்," என்றார் சுந்தரராமன். "அப்பப்போ க்ளீன் பண்ணிடுவேன்."

"கடைசியா எப்பப் பண்ணினீங்க?"

அவர் வாயைத் திறந்தார். செவ்வாய் மதியம் என்று சொன்னால் கம்ப்யூட்டருக்குக் கரென்ட் இல்லை. அவரே சாட்சியோடு சொல்லியாயிற்று. வேறு நாள் சொன்னால் திரை ஒத்துக்கொள்ளுமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"போன்லேர்ந்து… போன்லேர்ந்து பண்ணியிருப்பேன்."

சுப்புலக்ஷ்மி அவருக்காக அல்ல, முதலாளிக்காக விளக்கினாள். ஒரே அக்கவுன்ட்டில் இணைத்துவிட்ட பிரவுசர்களுக்கெல்லாம் ஒரே பழசுதான். ஓர் இடத்தில் முழுவதையும் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவர் விஜியின் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, ஃபைலை ஏற்றுவதற்காகப் போட்டிக் கம்பெனி அவருடைய மெயிலுக்கு அனுப்பியிருந்த லிங்க்கை எடுக்கத் தன் அக்கவுன்ட்டில் நுழைந்தார். இணைக்கலாமா என்று அது கேட்டது, ஆமாம் என்றார். டிஃபால்ட்டாக இருக்கலாமா என்று கேட்டது. அதற்கும் ஆமாம் என்றார். வேலையை முடித்து, அக்கவுன்ட்டை விட்டு வெளியே வருமுன் தடயத்தை அழித்தபோது, விஜியின் கம்ப்யூட்டரில் இருந்த பத்து நிமிடத்தோடு தன்னுடைய பல வருடங்களையும் சேர்த்து அழித்துவிட்டார். எதற்கெல்லாம் ஆமாம் சொன்னோம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. இருந்திருந்தால் டிஃபால்ட்டையாவது திருப்பி வைத்திருப்பார்.

"போன்ல அழிச்சிருந்தாலும் அப்படித்தான் ஆகும்," என்றார் சுந்தரராமன். குரல் வறண்டிருந்தது.

"ஆகும். அதனால நான் உங்க மேல பழி போடலை." அவள் எழுந்து நாற்காலியை அவரிடம் தள்ளினாள். "நீங்க எந்தெந்த மெஷின்ல நுழைஞ்சீங்கன்னு உங்க அக்கவுன்ட்லயே ஒரு பக்கம் இருக்கு. ஹிஸ்டரியை அழிச்சாலும் அது போகாது. செவ்வாய்க்கிழமை மதியம் அதுல புதுசா ஒரு கம்ப்யூட்டர் இல்லேன்னா, இப்பவே உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன். உங்க அக்கவுன்ட். நீங்களே திறந்து காட்டுங்க."

சுந்தரராமன் உட்கார்ந்தார். மவுஸின்மேல் கை வைத்தார். கை அங்கேயே இருந்தது. வாழ்க்கையில் எதையும் மறுத்துப் பழகாத அந்த விரல் முதல் முறையாக ஒரு கேள்விக்கு ஆமாம் சொல்ல மறுத்தது.

"அழுத்துங்கோ," என்றார் சீனிவாசராகவன்.

விரல் நகரவில்லை.

"சுந்தரராமா, அழுத்து."

பிறகு வந்ததெல்லாம் வழக்கமான சரக்கு. போட்டிக் கம்பெனியில் ரிடையர்மென்ட்டுக்குப் பிறகு டைரக்டர் பதவி தருவதாகச் சொன்னார்கள். இங்கே யாரும் என்னை மதிக்கவில்லை. விஜிக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை; அதனால்தானே போலீஸ் வேண்டாம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கண் கலங்கினார். தன் கருணையை நினைத்துத் தானே உருகுகிற மனிதரைக் கிளிஃபர்ட் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

சீனிவாசராகவன் தொண்டையைக் கனைத்தார். அவர் பார்வை விஜியைத் தாண்டிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. ஐந்தாகப் போகிறது.

"சரிம்மா விஜி. நடந்தது நடந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குப் புது ரேட் அனுப்பணும். போய் உக்காந்து அதைப் பாரு."

விஜி போகவில்லை. முதலாளியின் அறையிலிருந்து அவள் எதையோ எடுத்து வந்திருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கடிதம். அதைச் சுந்தரராமனின் கீபோர்டின்மேல் வைத்தாள்.

"இதுல எம்பேரு இருக்குது சார். அத எடுத்துட்டு இவுரு பேரப் போடச் சொல்லுங்க. மத்தது ஒண்ணும் மாத்த வேணாம். அவுரே எழுதினதுதான, நல்லாத்தான் இருக்குது."

கிளிஃபர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"அப்புறம் அந்த வேலை விளம்பரம்," என்றாள் விஜி. "அதயும் எடுக்க வேணாம். போஸ்ட்ட மட்டும் மேனேஜர்னு மாத்திடுங்க. நான் என் எடத்துலதான் இருப்பேன். ஷ்ரேயாஸ் சார், அந்த வீடியோவ இன்னொரு தடவ பார்த்துட்டு வந்து என்னுத எட்ஜுக்கு மாத்திக் குடுங்க."

ஷ்ரேயாஸ் சுவரைப் பார்த்தான். முதலாளி சுப்புலக்ஷ்மியைப் பார்த்தார். விசாரணை அறிக்கையை எழுதப்போகிறவள் அவள்; அதில் யார் யாரைப் பற்றி என்னென்ன எழுதலாம் என்று அவர் கணக்குப் போட்டது முகத்தில் அப்படியே ஓடியது.

"சுந்தரராமா," என்றார். "அந்தப் பேரை மாத்தி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்தை…"

"யெஸ் சார்," என்றார் சுந்தரராமன்.